ஞாயிற்றுக்கிழமை பேக்கப்

3 ஜனவரி 2016, ஞாயிறு

காலை ஆறு பத்துக்கு ஆரம்பித்த முழு பேக்கப் பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. டேப் எண் ஏழு. பிழை இல்லை.

கம்பெனி வருடா வருடம் கொடுக்கும் டைரியில் இதுவரை இவ்வளவுதான் எழுதிவந்தேன். இந்த வருடம் கொஞ்சம் கூடுதலாக எழுதலாம் என்று தோன்றியது. ஐந்தரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

எங்களுடையது கணபதியில் இருக்கும் பம்ப்செட் கம்பெனி. ஆர்டர், உற்பத்தி, குடோன், சம்பளம் எல்லாம் ஒரே மெஷினில் ஓடுகிறது. மேஜைக் கம்ப்யூட்டரைவிடப் பெரியது, வங்கிகள் வைத்திருக்கும் ராட்சதத்தைவிடச் சிறியது. பார்த்தால் கறுப்புப் பெயின்ட் அடித்த பீரோ மாதிரி இருக்கும். வாரம் ஆறு நாள் இரவு பகலாக ஓடும். ஞாயிறு காலையில் மட்டும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் டேப்பில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் என் திரை ஒன்றுதான் உயிரோடு இருக்கும். நாளைக்கே கட்டடம் எரிந்து போனாலும் அந்த டேப்பை வைத்து வேறு மெஷினில் கம்பெனியை மறுபடி எழுப்பிவிடலாம். பத்தொன்பது வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மகள் தாரிணி எட்டரை பஸ்ஸுக்கு அரிசிப்பருப்புச் சாதம் கட்டிக்கொண்டு கிணத்துக்கடவு போய்வந்தாள். என் மனைவி வசந்தாமணி அங்கே சிஸ்டர்கள் நடத்தும் மனநல இல்லத்தில் இருக்கிறாள். ஆறாவது வருடம். ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரைதான் பார்வை நேரம். எனக்கு அப்போது பேக்கப் இருப்பதால் அவள்தான் போகிறாள்.

இல்லத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. டிராயரில் வைத்திருக்கிறேன்.

5 ஜனவரி, செவ்வாய்

ஜி.எம். வரதராஜுலு கூப்பிட்டனுப்பினார். எடுத்த எடுப்பிலேயே, "சென்னியப்பன், ஆடிட்டர் உங்களைப் பத்தி ஒரு பேராவே எழுதியிருக்கார்" என்றார்.

"என்னங்க சார் தப்பு?"

"தப்பே பண்ணலைங்கறதுதான் தப்பு. நீங்க ஒரு ஞாயிறு படுத்துட்டீங்கன்னா பேக்கப் கிடையாது. ஒரே ஆளை நம்பி ஒரு கம்பெனி. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள அது தானா நடக்கற மாதிரி பண்ணிடுங்க. பெங்களூர்லருந்து ஒரு இன்ஜினியரை வரவழைக்கறேன்."

தலையாட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை நிம்மதியா வீட்ல இருங்க. குடும்பத்தோட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுப் பேனாவை மூடித் திறந்தார். நல்ல மனுஷர். என் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும்.

6 ஜனவரி, புதன்

சொல்வது சுலபம். டேப்பை யார் மாற்றுவார்கள்?

10 ஜனவரி, ஞாயிறு

ஆறு ஐந்து முதல் பதினொன்று முப்பத்தெட்டு வரை. டேப் எட்டு. பிழை இல்லை.

தாரிணிக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. மருந்துக் கம்பெனி ஆய்வகம். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிறகு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அம்மாவ இனி ஆரு போய்ப் பாக்கறதுங்ப்பா?"

"பாக்கலாம் சாமி."

"பாக்கலாம்னா? அம்மா ஒரு வருஷமா நல்லா இருக்காங்களாம். வீட்டுக்கே அனுப்பலாங்கறாரு டாக்டரு. ஆனா அதுக்கு முன்னாடி ஞாயிறு விடுப்புன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பன்னெண்டு ஞாயிறு வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போகோணும். சேர்த்துவிட்டவங்கதான் கையெழுத்துப் போடோணும். அன்னைக்கு முழுக்க அவங்களே கூட இருக்கோணும். நான் போடறேன்னேன். ஆகாதுன்னுட்டாங்க. நீங்கதானேங்ப்பா சேர்த்துவிட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை பேக்கப் இருக்குதே, கண்ணு."

அவள் தட்டைக் கழுவ எடுத்துப் போனாள்.

15 ஜனவரி, பொங்கல்

கம்பெனி விடுமுறை. தாரிணி பொங்கல் வைத்தாள். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.

21 ஜனவரி, வியாழன்

பெங்களூர் இன்ஜினியர் வந்தாள். பெயர் ஃபர்ஹானா. முப்பது வயது இருக்கும். வாணியம்பாடிப் பக்கம் சொந்த ஊராம். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் டேப் டிரைவின் பின்பக்கம் எட்டிப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

"சார், இது எப்ப வாங்கினது?"

"இரண்டாயிரத்தி ஒம்பது. நவம்பர்."

"இதுல மொத்த சிஸ்டமும் ஒரே டேப்ல ஏறிடுமே. நீங்க இப்ப டேப் மாத்தறீங்களா?"

"இல்லைங்க. பழைய டிரைவ்ல மூணு டேப் மாத்தோணும். இதுல ஒண்ணு போதும்."

"அப்ப சனிக்கிழமை டேப்பை உள்ள வெச்சுட்டுப் போயிடலாம். மெனுவுலயே இருக்கு சார், இத்தனை மணிக்கு நீயே ஆரம்பின்னு சொல்லிடலாம். மெஷின் வாங்கின நாள்லருந்து அந்த மெனு இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை எதுக்கு சார் வந்து உக்காந்தீங்க?"

"பழக்கம்" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

31 ஜனவரி, ஞாயிறு

தானியங்கி பேக்கப் முதல் சோதனை. ஆறு மணிக்கு மெஷின் தானாகவே ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், எதையும் தொடவில்லை. பதினொன்று இருபதுக்கு 'முடிந்தது' என்று திரையில் வந்தது.

ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. முப்பது பக்க அறிக்கையை அச்செடுத்து வரிவரியாகப் பார்த்தேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் சிக்கியது. டெஸ்பாட்ச்சில் யாரோ கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருக்கிறார்கள். அதனால் ஆர்டர் கோப்பு ஒன்று பூட்டியே கிடந்திருக்கிறது. 'இதை விட்டுவிடட்டுமா?' என்று மெஷின் கேட்டிருக்கிறது. ஆள் இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக, எந்தக் கேள்வி வந்தாலும் 'விட்டுவிடு' என்று அதுவே பதில் சொல்லிக்கொள்ளும்படி ஃபர்ஹானா அமைத்திருந்தாள். மெஷினும் விட்டுவிட்டது. கம்பெனியின் மொத்த ஆர்டரும் டேப்பில் இல்லை. மேலே மட்டும் 'முடிந்தது' என்று இருக்கிறது.

இப்படி அமைத்துவிட்டு வருடக் கணக்கில் வெற்று டேப்பைப் பாதுகாத்த கம்பெனிகளை எனக்குத் தெரியும். மனிதன் உட்கார்ந்திருந்தால் இது நடக்குமா?

மத்தியானம் நல்ல பசி. இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

1 பிப்ரவரி, திங்கள்

ஜி.எம்.மிடம் அறிக்கையைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. ஃபர்ஹானாவுக்குப் போன் போட்டார். அவள் மறுபேச்சுப் பேசாமல் தப்பை ஒப்புக்கொண்டாளாம். எனக்கு அது பிடித்திருந்தது. ஏமாற்றமாகவும் இருந்தது.

7 பிப்ரவரி, ஞாயிறு

நானே உட்கார்ந்து எடுத்தேன். ஆறு முதல் பதினொன்று முப்பத்தைந்து வரை. டேப் பன்னிரண்டு.

14 பிப்ரவரி, ஞாயிறு

ஃபர்ஹானா திருத்தி அனுப்பிவிட்டாள். இப்போது மெஷின் முதலில் எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்கிறது. பிறகு இழுத்துப் பிடித்து எல்லோரையும் வெளியேற்றுகிறது. எந்தக் கேள்விக்கும் தானாகப் பதில் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் அப்படியே நின்று என் கைபேசிக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். இன்று ஓட்டிப் பார்த்ததில் குறை ஒன்றும் அகப்படவில்லை.

யு.பி.எஸ். பேட்டரி பழையது, நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஜி.எம்.முக்கு எழுதினேன்.

16 பிப்ரவரி, செவ்வாய்

புது பேட்டரி வாங்க ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தக் கம்பெனியில் ஒரு நாற்காலி வாங்கவே மூன்று மாதம் ஆகும்.

டேப் டிரைவின் முனையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டாமா என்று கேட்டேன். "சனிக்கிழமை பண்ணுங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சென்னியப்பன், உங்களுக்கு இது நடக்க வேண்டாமா?" என்றார்.

"அப்படி இல்லீங்க சார்" என்றேன்.

21 பிப்ரவரி, ஞாயிறு

பேக்கப் பதினொன்று முப்பதுக்கு முடிந்தது. வீட்டுக்குப் பன்னிரண்டே காலுக்கு வந்தேன்.

தாரிணி ஒன்றரைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக என் மேஜைக்குப் போய் டிராயரை இழுத்தாள். நான்கு கடிதங்களையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"நாலு லெட்டர்ங்ப்பா. சிஸ்டர் ரெஜினா இன்னைக்குத்தான் சொன்னாங்க. போன மார்ச்ல முதல் லெட்டர். ஒரு வருஷம் ஆச்சு. அம்மா ஒரு வருஷமா வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கலாம்."

"படிச்சேன், சாமி. ஞாயித்துக்கிழமை நான் எப்படி..."

"பேக்கப். ஆமாங்ப்பா. அன்னைக்கும் பேக்கப்தான்."

அதைச் சொன்ன பிறகு அவளே பயந்துவிட்டாள். ஆறு வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கடிதங்களை எடுத்து மறுபடி டிராயரில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்து மேஜைமேலேயே விட்டேன்.

22 பிப்ரவரி, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

2010 ஆகஸ்ட் எட்டு, ஞாயிறு. அதற்கு நான்கைந்து மாதம் முன்பிருந்தே வசந்தா சரியாக இல்லை. தூங்க மாட்டாள். காரணமில்லாமல் அழுவாள். ஈ.எஸ்.ஐ. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று தாரிணி பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். பத்து ஐம்பதுக்கு ஆபீஸ் போன் அடித்தது.

"ஏனுங்க, கொஞ்சம் வரீங்களா? எனக்கு இங்க தனியா இருக்க முடியலீங்க."

திரையில் எண்பத்தேழு சதவிகிதம் என்று இருந்தது. நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இன்னும் நாப்பது நிமிஷம் வசந்தா. முடிச்சிட்டு வந்தர்றேன்."

"சரிங்க" என்றாள்.

பதினொன்று ஐந்துக்கும் பதினொன்று பதினைந்துக்கும் மறுபடி அடித்தது. வேலையாக இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் எடுக்கவில்லை. பேக்கப் முடிந்ததும் டேப்பில் தேதி எழுதி, தீப்பிடிக்காத பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டார் வந்து உடைத்தார்கள். மாத்திரைகள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அங்கிருந்து கிணத்துக்கடவு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் பேக்கப்பை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேக்கப் நேரத்தை இனி மாற்ற முடியாது என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த டிரைவ் வந்தது 2009 நவம்பரில். வசந்தா போன் பண்ணும்போது அது வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

6 மார்ச், ஞாயிறு

டேப்பிலிருந்து எல்லாவற்றையும் சோதனை மெஷினில் இறக்கிப் பார்த்தோம். ஃபர்ஹானா வந்திருந்தாள். ஆர்டர், சம்பளம், குடோன், பழைய கடிதங்கள் வரை ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. ஊருக்குக் கிளம்பும்போது கைகொடுத்தாள்.

"இனி நீங்க வரவேண்டியதில்லை சார்."

நல்ல மனதோடுதான் சொன்னாள்.

13 மார்ச், ஞாயிறு

ஆள் இல்லாத முதல் பேக்கப். நான் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு எதிரே பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். நான்கு டீ, ஒரு தேங்காய் பன். பதினொன்று இருபத்திரண்டுக்குக் கைபேசியில் செய்தி வந்தது. முடிந்தது. பேக்கரிக்காரர், "ஏனுங்ணா, ஆருக்காச்சும் காத்துட்டிருக்கறீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

19 மார்ச், சனி

டேப் வைத்தேன். டிரைவ் முனையைத் துடைத்தேன். ஜி.எம். கேட்ட அறிக்கையைக் கொடுத்தேன். இனி சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்று தாரிணியிடம் சொன்னேன். அவள் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்துப் போனாள்.

20 மார்ச், ஞாயிறு

உக்கடத்தில் பஸ் ஏறினோம். இல்லத்தின் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பத்து மணிக்கு வசந்தா வந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. உடம்பு தேறியிருக்கிறது. மற்றவர்களுக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுவது இவள்தானாம். நடையில் ஒரு நிதானம் வந்திருக்கிறது.

"வாங்க" என்றாள், யாரோ விருந்தாளியிடம் சொல்வது மாதிரி.

தாரிணி ஏதேதோ பேசினாள். பிறகு தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாட்டில் நிறையத்தான் இருந்தது.

"இன்னைக்குப் பேக்கப் இல்லீங்களா?" என்றாள்.

"இருக்குது. இப்ப ஓடிட்டிருக்குது."

"ஆரு பாத்துக்கறாங்க?"

"ஆரும் இல்ல. அதுவே ஆரம்பிச்சு அதுவே முடிச்சுக்கும். கோளாறுன்னா மட்டும் எனக்கு மெசேஜ் வரும்."

முந்தானை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இப்படிப் பண்றதுக்கு எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டே மாசம்." மெல்லத் தலையை ஆட்டினாள். "அன்னைக்கே இப்படிப் பண்ணியிருக்க முடியுங்களா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? அந்தப் பொய்யைச் சொல்வதற்கு ஆறு வருடம் தயாராக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வாயில் வரவில்லை.

"முடிஞ்சிருக்கும். டிரைவ் அப்பவே வந்திருச்சு. நான் அங்க உக்காந்திருக்க வேண்டிய அவசியமே இல்ல."

"அப்பறம் என்னத்துக்கு உக்காந்திருந்தீங்க?"

"வீட்டுல இருக்கறதுக்குப் பயமா இருந்துச்சு வசந்தா. நீ அழுதுட்டே இருப்ப. என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல. அங்க போனா என்ன பண்றதுன்னு தெரியும்."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் பயமாத்தானுங்க இருந்துச்சு. எனக்குப் போறதுக்கு ஒரு ஆபீஸ் இல்ல."

கடிதத்தோடு வந்திருந்த ஞாயிறு விடுப்புப் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டே கொண்டுபோயிருந்தேன். அவளும் போட வேண்டும். எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப வேண்டாமுங்க. கொண்டுபோய் வெச்சுக்கங்க."

பஸ்ஸில் தாரிணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

27 மார்ச், ஞாயிறு

தாரிணி நாளை மறுநாள் புனேக்குக் கிளம்புகிறாள். கடைசி நேரச் சாமான் வாங்க டவுனுக்குப் போய்விட்டாள். தனியாகத்தான் போனேன். படிவத்தை எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் அதற்காக வந்தேன் என்று நினைப்பாள்.

இன்று ஈஸ்டர். சிஸ்டர்கள் எல்லோருக்கும் கேக் வைத்திருந்தார்கள். வசந்தா தன் துண்டைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். புனேயில் குளிர் எப்படி இருக்கும், தாரிணிக்குச் சமைத்துச் சாப்பிடத் தெரியுமா என்று கேட்டாள்.

பதினொன்று ஐந்துக்குக் கைபேசி அதிர்ந்தது. பேக்கப் நின்றுவிட்டது. அடுத்த நிமிடமே டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் தேவநாதன் கூப்பிட்டார்.

"அண்ணா, ஸ்க்ரீன்ல டேப்புல எழுத முடியலைன்னு வந்து நிக்குதுங்ணா. ஆர் போட்டா வேற டேப்புல மறுபடி, சி போட்டா நிறுத்துன்னு கேக்குது. கொச்சிக்குப் போற கண்டெய்னர் நிக்குது. ஒரு மணிக்குள்ள பில் போட்டு அனுப்போணும். மெஷின் எந்திரிக்காம எப்படிங்ணா போடறது?"

வேறு டேப் பீரோவில் இருக்கிறது. அதைப் போட்டுத் தயார் செய்வது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போனால் டேப்பையும் மாற்றலாம், இருட்டுவதற்குள் பேக்கப்பையும் முடிக்கலாம். கண்டெய்னரை ராத்திரி வரை தாமதப்படுத்த ஜி.எம்.மிடம் கெஞ்சலாம். எனக்குத் தெரியாமலே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தேன். கை சட்டைப்பையில் பஸ் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தது.

வசந்தா கேக் தட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"போகோணுமுங்களா?"

அன்றைக்கு 'சரிங்க' என்று சொன்ன அதே குரல். ஆறு வருடமாக என் காதில் இருக்கிற குரல். அதில் குறை சொல்வது கொஞ்சம்கூட இல்லை. நான் போய்விடுவேன் என்று தெரிந்துவைத்திருக்கிற குரல்.

"தேவநாதா, சி போடுங்க" என்றேன்.

"அண்ணா, போட்டா இந்த வாரம் பேக்கப்பே இருக்காதுங்களே!"

"இருக்காது. போடுங்க. அஞ்சு நிமிஷத்துல மெஷின் எந்திரிச்சுக்கும். பில் போட்டுக்கங்க."

"ஜி.எம். கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் நான் சி போட்டதில்லை. போடுவதற்கு ஒரு நொடி போதும்.

வசந்தா கேக் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களைக் கிளம்பச் சொல்லி சிஸ்டர் ரெஜினா வந்தபோதுதான் கேட்டாள்.

"அந்தப் படிவம் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லியே. வீட்டுல இருக்குது."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். என்னைக் கேலி செய்யும்போது வரும் சிரிப்பு.

"வேண்டாங்கறப்ப எடுத்துட்டு வருவீங்க, கேக்கறப்ப இருக்காது. சரி, அடுத்த வாரம் கொண்டாங்க. கையெழுத்துப் போடறேன்."

28 மார்ச், திங்கள்

ஜி.எம். திட்டவில்லை. வாரம் தவறிவிட்டதால் ஆடிட்டருக்காக எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். "டேப் பழுதுன்னு எழுதிக் கொடுங்க, போதும். அதுதானே நடந்துது?"

"டேப் பழுதுங்க சார். ஆனா பேக்கப்பை நிறுத்தினது நான்."

"அதையெல்லாம் எழுத வேணாம்."

எழுதினேன். 'டேப்பில் பிழை ஏற்பட்டபோது நான் என் மனைவியோடு இருந்தேன். வேறு டேப் போட்டுத் தொடர்ந்திருக்கலாம். போகாமல், நிறுத்தச் சொன்னது நான்தான். இதை 2010 ஆகஸ்டு எட்டாம் தேதியே செய்திருக்க வேண்டும்.'

ஜி.எம். படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இது ஆடிட்டருக்குப் புரியாதே, சென்னியப்பன்" என்றார்.

"புரியாதுங்க சார்" என்றேன். அந்த வரியை அடித்துவிடச் சொல்வார் என்று நின்றேன். அவர் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார்.